ஐந்து கிலோ கோபம்

கோபத்தைக் கிராமில் அளக்கலாம் என்று கண்டுபிடித்த மகானுபாவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டால் ஒப்புக்கொள்வது போலத்தான் சொல்கிறேன்.

கிராம் வந்தது தற்செயல். கடைகளில் வாடிக்கையாளர்கள் தாங்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களை எங்கள் கம்பெனி செய்து விற்கிறது. அதில் ஒரு புதுக் கருவியை நான் சேர்த்தேன். எதிரே நிற்கிறவரின் குரல், முகச் சூடு, மூச்சு, பொருளைத் தட்டில் வைக்கிற வேகம் எல்லாவற்றையும் பார்த்து, அவர் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று அது ஒரு எண்ணைச் சொல்லும். எண்ணைக் காட்ட ஒரு சின்னத் திரை வேண்டும். எங்கள் ஸ்டோர் ரூமில் பழைய எலெக்ட்ரானிக் தராசுகளின் திரைகள் இருநூறு சும்மா கிடந்தன. அவற்றுக்குக் கிலோவும் கிராமும் தவிர வேறெதுவும் காட்டத் தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையே மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் கத்தரிக்காய் முக்கால் கிலோ என்றால் கூடவே கோபம் இருநூற்றைம்பது கிராம் என்று ஆகிவிட்டது.

என் நோக்கம் நல்ல நோக்கம்தான். எந்த இயந்திரத்தின் மேல் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம். அதனால் கோபம் உச்சத்துக்குப் போகும்போது அவர் கண் எதைப் பார்க்கிறது என்பதையும் குறிக்கச் சொல்லியிருந்தேன். முதல் மாதக் கணக்கு வந்தது. நாற்பது கடைகளில் ஒரே ஒரு கிராம் கோபம்கூட எந்த இயந்திரத்தின் மேலும் விழவில்லை. கோபம் வந்த மனிதன் இயந்திரத்தைப் பார்ப்பதே இல்லை. கழுத்தை நீட்டி, இங்கே ஆள் யாராவது உண்டா என்று தேடுகிறான். ஆள் கிடைத்ததும் அவர் முகத்தில்தான் கண்ணை நாட்டுகிறான். கருவியும் சமர்த்தாக, அந்த முகம் ஊழியர் பட்டியலில் யாருடையது என்று பார்த்து அவர் பேரில் எழுதிவிடுகிறது.

அப்போதே அதைக் கழற்றிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. எங்கள் விற்பனைப் பிரிவுக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். எந்த ஊழியர் ஜனங்களுக்குக் கோபம் வரவழைக்கிறார் என்று கிராம் சுத்தமாகச் சொல்லும் கருவி என்று விற்றார்கள். விதிகளை நான் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஒருவர் பேரில் ஐந்து கிலோ சேர்ந்தால் வேலை தானாகவே போய்விடும். பெயர், மூன்று மாவட்டத்துக் கடைகளும் பார்க்கிற ஒரு பட்டியலில் ஏறும். ஏறினால் அப்புறம் எந்தக் கடையும் உள்ளே சேர்க்காது.

ஈரோட்டில் மனிதர் பில் போடும் கடை ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன வருஷம் அது. பெருந்துறை சாலையில் இருக்கிற மேட்டாங்காடு ஸ்டோர்ஸிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முதலாளி சென்னியப்பன் போனில் கேட்டார். “ஏனுங்க, அஞ்சு கிலோ தாண்டுனவங்கள எல்லாம் அனுப்பிட்டமுங்க. ஆனாலும் கோபம் கொறையவே மாட்டேங்குதுங்களே?”

இருபத்தொன்றாம் தேதி காலையில் போய் இறங்கினேன். பதினாலு இயந்திரங்கள், இடுப்பளவு கம்பி வேலிக்குள். அதற்கு நடுவே மெரூன் கோட்டு போட்ட ஒரே ஒரு அம்மாள். ஐம்பதை நெருங்குகிற வயசு. ஒரு இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடிப்போய்த் தன் ஊழியர் அட்டையைத் தேய்த்து அணைப்பதற்குள் இன்னும் மூன்றில் எரிந்தது. பெயர் மயிலாத்தாள். கடையில் எல்லோருக்கும் மயிலக்கா. பதினோரு வருஷம் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டவர்.

“ரிப்பேர்காரத் தம்பிங்களா? வாங்க. மொதல்ல அந்த ஆறாம் நம்பரப் பாருங்க. கறிவேப்பிலையக் கண்டா அதுக்குப் பேய் புடிச்சுருது.”

ரிப்பேர்காரன்தான் என்று தலையை ஆட்டி வைத்தேன். கறிவேப்பிலை விவகாரம் என்னவென்று பக்கத்தில் நின்று பார்த்தேன். காய்கறி வாங்குகிறவர்கள் எல்லோரும், இத்தனை காலமும் செய்தது போலவே, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். முதலாளியும் அதற்கென்றே ஒரு கூடை வைத்திருக்கிறார். இயந்திரத்துக்குக் கொசுறு என்றால் என்னவென்று தெரியாது. ‘பையில் அறியாத பொருள் உள்ளது. ஊழியர் வரும்வரை காத்திருக்கவும்’ என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறது. நாலு பேர் திரும்பித் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். கௌரவமான மனுஷனுக்கு வேறென்ன வரும்? மயிலக்கா ஓடி வருகிறார். கோபம் அவர் முகத்தில் போய் இறங்குகிறது. நூற்றிருபது கிராம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் ரசீதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்கு மளிகை வாங்கியிருக்கிறார். கல்யாண மளிகை என்றால் பட்டியலில் முதல் வரி மஞ்சள்தான். கல்லாவில் மயிலக்கா இருந்த காலத்தில், கூடையில் எங்கே கிடந்தாலும் தேடி எடுத்து மஞ்சளைத்தான் முதலில் போடுவாராம். இயந்திரம் பொருள்களைத் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தி அச்சடித்துவிட்டது.

“ஏனம்மிணி, இதப் படிச்சுப் பாருங்க. மொத வரி என்னன்னு சத்தமாப் படிங்க.”

மயிலக்கா படித்தார். “எலி மருந்துங்க.”

“என்ற பொண்ணு கல்யாணத்துக்கு மொத சாமான் எலி மருந்துங்களா? நீங்களும் புள்ள பெத்தவங்கதானுங்களே? இப்படிப் பண்ணலாமுங்களா?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஈரோட்டுக்காரர்கள் அப்படித்தான். சென்னைக் குரல்களில் பழகிய என் கருவி ஆரம்பத்தில் இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் அன்பான விசாரிப்பு என்று எழுதி வைத்தது. அதைத் திருத்தவே எனக்கு ஒரு மாதம் ஆனது. திருத்தியது வீண்போகவில்லை. திரையில் தொள்ளாயிரம் கிராம் விழுந்தது.

மத்தியானம் கூட்டம் அடங்கியதும் மயிலக்கா வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்டார். “இப்ப என்ற பேருல எத்தனைங்க தம்பி?”

“நாலு கிலோ அறுநூறு.”

“இன்னும் ஒம்பது நாளு கெடக்குது.” விரலை மடக்கிப் பார்த்தார். “நானூறு கிராமு. ஒரு கல்யாணப் பார்ட்டி தாங்காது. போன மாசம் பாவாயி இங்கதான் என்ற பக்கத்துல நின்னா. இருவத்தேழாந்தேதி போயிட்டா. மூணு மாவட்டத்துலயும் கடைக்காரன் ஒருத்தன் சேத்தலீங்க. இப்ப மண்டில மஞ்சக் கெழங்கு பொறுக்கிட்டு இருக்கறா. மூஞ்சியே மஞ்சளாப் போச்சு. எனக்கு முட்டி வலிங்க, அந்த வேலையும் ஆகாது. இது போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு இல்லீங்க.”

பாதி சாப்பிட்டிருந்த டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

“கோபத்த அளக்கறது சரிங்க. அது ஏன் என்ற பேருல எழுதுது? எலி மருந்த நானா மொதல்ல போட்டேன்?”

“கோபப்படறவங்க யார் முகத்தைப் பார்க்கறாங்களோ அவங்க பேர்ல எழுதும்க்கா. ஊழியர் பட்டியல்ல அந்த முகம் இருக்கணும், அவ்வளவுதான்.”

“ஊழியர் பட்டியல்ல இப்ப யாரெல்லாம் இருக்கறாங்க?”

கையில் இருந்த டேப்லட்டைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஊழியர் எண் ஒன்று, சென்னியப்பன். முதலாளியேதான். போன தீபாவளி விளம்பரத்தில் அவரே வந்து, வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக, ‘நானும் உங்க கடை ஊழியன்தானுங்க’ என்று பேசியிருந்தார். பேசினது பொய்யாகிவிடக் கூடாது என்று, முகத்தையும் கட்டைவிரல் ரேகையையும் கொடுத்துப் பட்டியலில் முதல் ஆளாகப் பதிந்துகொண்டிருக்கிறார்.

மயிலக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் ரொம்பப் பவ்யமாக ஒரு கேள்வி கேட்டார்.

“மூஞ்சி உசுரோட இருக்கோணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா தம்பி?”

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் நான் வரும்போது வேலிக்குள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மயிலக்கா. இன்னொருவர் ஆறடி உயர அட்டைச் சென்னியப்பன். தீபாவளிக்குச் செய்த கட் அவுட்டை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார்களாம். அக்கா அதை இழுத்து வந்து, ஈரத்துணியால் முகத்தை மட்டும் பளிச்சென்று துடைத்து, பதினாலு இயந்திரத்திலிருந்தும் பார்த்தால் தெரிகிற இடமாக நிறுத்தியிருந்தார்.

முதல் சிவப்பு விளக்கு எரிந்தது. பாங்க் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு பெண். “இங்க யாருங்க ஆளு?” என்று கழுத்தை நீட்டினாள். மயிலக்கா ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றார், எதிரில் அல்ல. குனிந்து அட்டையைத் தேய்த்துக்கொண்டே முகவாயால் அந்தப் பக்கம் காட்டினார். “எனக்கென்னங்க தெரியும் அம்மிணி? மொதலாளி அங்கதான் நிக்கறாரு, அவரையே கேளுங்க.”

அந்தப் பெண் பார்த்தாள். ஆறடி உயரத்தில் கும்பிட்ட கை. முப்பத்திரண்டு பல். கோபமாக இருக்கிறவருக்கு முன்னால் ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

“கும்புடு போட்டுட்டுச் சிரிக்கறதப் பாருங்க! பத்துப் பேரு பாத்த வேலைய என் தலையில கட்டிட்டு, சிரிப்பென்னங்க வேண்டிக் கெடக்குது உங்களுக்கு?”

எழுநூற்றைம்பது கிராம். ஊழியர் எண் ஒன்று.

சாயங்காலத்துக்குள் விஷயம் சூடு பிடித்துவிட்டது. முதலாளியைத் திட்டுவது என்றால் சும்மாவா? மயிலக்காவைத் திட்டுகிறபோது கொஞ்சமாவது மனசு கூசும். பாவம், இந்தம்மா என்ன செய்யும் என்று பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். அட்டையிடம் அந்தக் கூச்சம் கிடையாது. அது பதில் பேசாது. அழாது. முழுசாகத் திட்டித் தீர்க்கலாம். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் குடையை நீட்டி நீட்டி ஐந்து நிமிஷம் பேசினார். பேசி முடித்ததும் முகம் தெளிந்து, அட்டையின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறந்துபோனவர் போலத் திரும்பி உள்ளே போய் ஒரு பாக்கெட் மைசூர்பாகு எடுத்துக்கொண்டு வந்தார். திட்டியவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். மனசு லேசானால் கை தாராளமாகிவிடும் போலிருக்கிறது.

மூன்று நாள். மயிலக்கா பேரில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. அவர் இயந்திரங்களுக்கு நடுவே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். நானும் வேலை முடிந்தும் ஊருக்குக் கிளம்பாமல், ஆறாம் நம்பரில் கோளாறு இன்னும் இருக்கிறது என்று ஆபீசுக்குப் பொய் சொல்லிக்கொண்டு அங்கேயே வேடிக்கை பார்த்தேன். அந்த மூன்று நாளும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டரை மணிக்குக் கடைவாசலில் சத்தம். மூன்று நாளாக வெளியூர் போயிருந்த சென்னியப்பன் ஊழியர் கதவில் கட்டைவிரலை வைத்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை. அதன்மேல் இருந்த திரை, பால் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுத்தை ஓடவிட்டது. ‘ஊழியர் எண் 1. சேர்ந்த கோபம் 19.350 கிலோ. தங்கள் பணி முடிவடைந்தது. இதுவரை ஆற்றிய சேவைக்கு நன்றி.’

என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தார். “ஏனுங்க, என்ற கடைலயே என்னைய வேலைய உட்டு எடுத்துருச்சுங்களா உங்க மெசினு?”

“ஆமாங்க சார். அஞ்சு கிலோதான் அளவு. உங்க பேர்ல நாலு பேருக்கு உண்டானது சேர்ந்துடுச்சு.”

“அழிச்சு உடுங்க.”

“அழிக்க முடியாதுங்க. யார் வந்து சொன்னாலும் எழுதினதை மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் ஒப்பந்தத்துல தனியா ஒரு வரி சேர்க்கச் சொன்னீங்க.”

“அது சிபாரிசுக்குச் சொன்னதுங்க! ஒருத்தரை நிறுத்துனா அவங்க மாமன், மச்சான், என்ற பங்காளி ஊட்டுக்காரி வரைக்கும் வந்து வாசல்ல உக்கோந்துக்கறாங்க. மனசு எளகிருதுங்க எனக்கு. அதுக்காகத்தான் நானே நெனச்சாலும் மாத்த முடியாதபடி செய்யச் சொன்னேன்.”

“நல்லாத்தான் செஞ்சிருக்கோம்,” என்றேன்.

அவர் வெயிலில் நின்று கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்தக் கடை வாசலில் நிற்க வைக்கப்பட்ட ஒரு மனுஷனின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னேன். பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடலாம். ‘நான் இந்தக் கடையின் ஊழியன் அல்ல’ என்று கையெழுத்துப் போட்டால் போதும். விளம்பர வசனம் பொய்யாகப் போகிறதே என்று ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு போட்டார். போட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் வருகிற கதவு வழியாகத் தன் கடைக்குள் நுழைந்தார்.

நேராக வேலிக்குத்தான் வந்தார். தன்னையே ஆறடிக்குப் பார்த்தார்.

“யாரு இத இங்க வெச்சது?”

மயிலக்கா முன்னால் வந்தார். “நாந்தானுங்க மொதலாளி. ஜனங்க உங்களப் பாக்கோணும்னு ஆசப்படறாங்க.”

போச்சு, கிலோ கணக்கெல்லாம் எதற்கு, இந்த மனுஷன் வாயாலேயே வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அந்தச் சமயம் பார்த்து மூன்றாம் நம்பரில் விளக்கு எரிந்தது. ஒரு அம்மாள், பக்கத்தில் நிஜச் சென்னியப்பன் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், அட்டையைப் பார்த்து அவர் பரம்பரையையே விசாரித்தாள். விசாரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அப்புறம் உள்ளே திரும்பிப் போய் இரண்டு நெய் டின்னுகளுடன் வந்தாள். அடுத்தவர் திட்டினார். முந்திரி எடுத்தார். அதற்கடுத்தவர் திட்டினார்.

சென்னியப்பன் மூன்று பேரையும் பார்த்தார். வியாபாரிக்கு உள்ள கண் அவருக்குத் தப்பாமல் இருந்தது.

“சரி, இருக்கட்டும். எடுக்க வேண்டாம்,” என்றார். போகும்போது, “இன்னும் மூணு செய்யச் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்கற மாதிரி,” என்றார். அவர் பெயர்தான் பட்டியலிலேயே இல்லையே. இனி எத்தனை கிலோ திட்டினாலும் யார் கணக்கிலும் ஏறாது.

அன்று மத்தியானம் மயிலக்கா எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

முப்பதாம் தேதி. நாலு மணிக்கு மாதக் கணக்கு மூடும். மூன்று மணிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கடைசியாக ஒருதரம் கணக்கைத் திறந்து பார்த்தேன். மயிலாத்தாள் என்ற பேருக்கு எதிரில் புதுசாக ஒரு வரி இருந்தது. ‘கடைசி ஏழு நாள்: 0 கிராம். வாடிக்கையாளர் எவரும் இவரை நாடவில்லை. தேவையற்ற பணியிடம். நான்கு மணிக்கு நீக்கப்படும்.’

இந்த விதி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எழுதினவனும் நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், கேன்டீனில் பிரியாணி தீர்ந்துவிடப் போகிறதே என்கிற அவசரத்தில் எழுதினேன். இயந்திரங்களுக்கு நடுவே நின்றும் மாதக் கடைசி வாரத்தில் நூறு கிராம் கோபம்கூட வாங்காத ஊழியர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அன்று பிரியாணி நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

மயிலக்காவிடம் சொன்னேன். அவர் உட்காரவில்லை, அழவில்லை. “வாங்குனாலும் போச்சு, வாங்காட்டியும் போச்சுங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “எத்தனை வேணும்?” என்றார்.

“நூறுக்கு மேலே. ஆனா நானூறைத் தொடக் கூடாது. தொட்டா அஞ்சு கிலோ ஆயிடும்.”

“சரி, யாரையாச்சும் திட்ட வெப்போம்.”

நாலு கட் அவுட்டையும் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். சிவப்பு விளக்கு எரிந்த இடத்துக்கு வேண்டுமென்றே ஆடி அசைந்து போனார். ஒரு தாத்தாவின் பையிலிருந்த கறிவேப்பிலையைப் பிடுங்கிக் கூடையில் போட்டார். தாத்தா சிரித்தார். “பரவால்ல அம்மிணி, உங்களுக்கு என்ன சோலியோ.” வேறொரு பெண்ணின் ரசீதைக் கைதவறினது போலக் கிழித்தார். அவள் பதறிப்போய், “அக்கா, ஒடம்பு சரியில்லீங்களா? உக்காருங்க,” என்றாள். ஒரு வாரமாகத் தன் பக்கத்தில் நின்று முதலாளியைச் சேர்ந்து திட்டிய ஆளை யாருக்குத்தான் கோபிக்கத் தோன்றும்? பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

மணி மூன்றே முக்கால்.

“தம்பி, நீங்க திட்டுங்க.”

ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஆறாம் நம்பர் முன்னால் போய் நின்றேன். வாடிக்கையாளராக நின்றால்தான் அளக்கும். மயிலக்கா எதிரில் வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏம்மா, உனக்கு அறிவிருக்கா?” என்று கத்தினேன்.

நாலு கிராம்.

“இதென்னங்க, பெருங்காயத்துக்கே பத்தாதாட்ட இருக்குது,” என்றார்.

நடிப்பு அதில் செல்லாது. நடிப்பைக் கண்டுபிடிக்கவென்றே இரண்டு வருஷம் உழைத்திருக்கிறேன். கண்ணை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு, என் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரரை மனசில் கொண்டுவந்தேன். முப்பது. இரண்டும் சேர்ந்து முப்பத்து நாலு. அதற்கு மேல் ஏறவில்லை. எதிரில் இருந்தது அவர் முகமல்லவா, எவ்வளவு நேரம் வீட்டுக்காரரை அங்கே ஒட்டவைக்க முடியும்? மணி மூன்று ஐம்பத்திரண்டு.

மயிலக்கா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “தம்பி, என்னையப் பாத்துக்கிட்டே, இந்த மெசினச் செஞ்சவன நெனைங்க. எங்கயோ ஏசி ரூமுல உக்கோந்துட்டு இருப்பானுங்க. பாவாயின்னு ஒருத்தி இருந்தது அவனுக்குத் தெரியாது. இத்தனை கிராம் வாங்குனா வெளிய போ, இத்தனை வாங்காட்டி வெளிய போன்னு எழுதறப்ப, ஒரு ஆளு மூஞ்சியாச்சும் அவனுக்கு நெனப்புல வந்திருக்கும்ங்கறீங்க? வந்திருக்காதுங்க. அவன நெனைங்க.”

நினைத்தேன்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ஒன்பது நாளாக இந்த முகத்துக்கு முன்னால் நின்று மோர் குடித்திருக்கிறேன். காதுக்குள் ஏதோ இரைந்தது. கையிலிருந்த கடலை மிட்டாய் நொறுங்கியது எனக்குத் தெரியவில்லை.

“நூத்திருவது,” என்றார் மயிலக்கா. “போதும் தம்பி.”

நிறுத்த முடியவில்லை.

“இருநூத்தி அம்பது. தம்பி, போதுமுங்க. முந்நூத்தி அறுவது. அய்யோ, கண்ண மூடுங்க! மூடுங்க!”

மூடினேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து, குருடனை இழுத்துப் போவது போல வேலிக்கு வெளியே இழுத்துப் போனார். யார் மேலோ இடித்தேன். மூட்டை வாசனை அடித்தது.

“முந்நூத்தி எம்பதுல நின்னுருச்சுங்க,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “கண்ணத் தொறக்காதீங்க, இருங்க, மணி ஆகட்டும்.” கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கணக்கு மூடுகிற மணி அடித்தது. மயிலக்கா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். வேலை தப்பித்தது. அடுத்த மாசத்துக் கவலை அடுத்த மாசத்தோடு.

“அப்படி யாரு தம்பி அந்த ஆளு? நெசமாவே தெரியுமாட்ட இருக்குதே உங்களுக்கு. எனக்கும் ஒருக்காக் காட்டுங்க, ரெண்டு வார்த்தை கேக்கோணும்.”

கண்ணைத் திறந்தேன். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“உங்க முன்னாலதான் நிக்கறேங்க்கா.”

சிரிப்பு நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார், கையில் நொறுங்கிக் கிடந்த மிட்டாயைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

“அப்படிங்களா,” என்றார். “மூணு வருசமா ஊருல இருக்கறவங்க கோபத்தையெல்லாம் அளந்தீங்க. எங்களாட்ட வேலை செய்யறவங்க கோபத்த அளக்கறதுக்கு ஏதாச்சும் செஞ்சு வெச்சிருக்கறீங்களா?”

“இல்லீங்க்கா.”

“நல்லதாப் போச்சு,” என்று சொல்லி, மயிலக்கா கோட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.